சித்தி பேசிய ஒன்பது நிமிடம்

வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருடத்தை நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டோம். போனை எட்டப் பிடித்துப் படிக்கிறவர்கள்கூட நம்மில் வந்துவிட்டார்கள். ஆனாலும் சிடி எழுதும் தட்டு கரகரவென்று வெளியே நீண்டுவரும் சத்தமும், சூடு ஆறாத வட்டைத் திருப்பினால் அடியில் தெரிகிற ஊதா நிறமும் உங்களுக்கும் நினைவிருக்கும். நீங்கள் எல்லோரும் அதைச் சிரித்துக்கொண்டே பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் பேச்சு வந்தாலே முகம் கூசும். எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். ஏன் என்று இன்றுவரை உங்களிடம் சொன்னதில்லை.

அந்த வருடம் நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீடு தங்கச்சிமடத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று கட்டிக் கிடந்தன. அப்பா படகுக்கு வண்ணம் அடிப்பதும் வலை பார்ப்பதுமாகக் கரையிலேயே இருப்பார். அம்மாவுக்குத் தடைக்காலம் எல்லாம் கிடையாது. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் நெத்திலியையும் சாளையையும் வாங்கி, அலசி, உப்பிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையிலும் மணலிலும் காயப்போட்டுக் கருவாடாக்கி அனுப்புவாள். அப்பாவின் படகைவிட அம்மாவின் கருவாட்டுக் கொட்டகைதான் எங்கள் குடும்பத்தை நடத்தியது என்பதை நான் பெரியவளான பிறகுதான் புரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா எப்போதும் கோபமாக இருப்பாள் என்பதுதான்.

சித்தப்பா குவைத்தில் ஏசி மெக்கானிக். நான் படிப்பதற்கென்று கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கச் சொன்னவர் அவர்தான். அந்த வருடம் ஊருக்கு லீவில் வந்த ஒருவரிடம் ஒரு ஹேண்டிகேமும் கொடுத்துவிட்டிருந்தார். கையடக்கமான கேமரா, அதற்குள் தீப்பெட்டி அளவு டேப். "எம் மகளை எடுத்து அனுப்புங்க, போட்டோவுல அசைய மாட்டேங்கிறா" என்று போனில் சொல்லியிருந்தார். கல்யாணமாகி நாலாவது மாதம் கிளம்பிப் போனவர். மகள் பிறந்து ஏழு மாதம் ஆகியும் அவர் அவளைத் தூக்கியதில்லை.

கேமரா என் கைக்கு வந்தது. வீட்டில் வேறு யாருக்கும் அதைத் தொடப் பயம். குழந்தையின் ஞானஸ்நானத்தை எடுத்தேன். சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றும்போது அவள் வீறிட்டது, அப்பா வெள்ளை வேட்டியில் கூச்சத்தோடு நின்றது, பந்தியில் எலும்பு கடிக்கும் உறவுக்காரர்கள். அப்புறம் கடலை எடுத்தேன். காயும் நெத்திலி மேல் கயிறு கட்டி, எழுதும்போது பாழாய்ப்போன சிடிக்களைக் காக்கை விரட்டத் தொங்கவிட்டிருந்தோம். அவை வெயிலில் சுழன்று மின்னியதை எடுத்தேன். பிறகு கேமராவை வயரில் இணைத்து, ஒரு மணி நேரப் படத்தை ஒரு மணி நேரமும் காத்திருந்து கம்ப்யூட்டருக்குள் இறக்கி, துண்டு துண்டாக வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, இதயங்கள் பறந்துவரும் டைட்டில் வைத்து... பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் ஒரு வாரம் காட்டித் தந்ததுதான். மீதியை நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். தெருவே வந்து பார்த்தது. "கம்ப்யூட்டர்காரி" என்று பெயர் வந்தது. தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்கையூர்ப் பக்கத்துப் பெண். டீச்சர் டிரெயினிங் முடித்தவள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகமும் சார்ட் பேப்பரும் கொண்டுவந்தாள். அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது; சித்தி கருவாட்டுக் கொட்டகைக்குப் போனாள். ஐஸ் மீனை அலசி அலசி அவள் விரல் நுனி எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். கம்ப்யூட்டருக்கு உப்புக்காற்று ஆகாது என்று பழைய சேலையில் அதற்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தவள் அவள்தான். ஓரத்தில் என் பெயரை நீல நூலால் தைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தப்பா போன் பண்ணுவார். போன் ஹாலில் ஷோகேஸ் மேல் இருந்தது. ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிட்டு எல்லோரும் சுற்றி நின்று பேசுவோம். எல்லோரும் பேசி முடித்த பிறகு சித்தியின் முறை வரும். "நல்லாருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா? வச்சிரட்டுமா?" அவ்வளவுதான். அவள் பேசும்போது யாராவது அந்தண்டை போக வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியவர்களுக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு நாள் அம்மாவும் அப்பாவும் பாம்பனில் ஒரு துஷ்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார்கள். சித்தி கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏ புள்ள, என்னய ஒரு பத்து நிமிசம் எடுக்கிறியா? சித்தப்பாவுக்கு."

கிணற்றடியில் எடுக்கலாம் என்றாள். வெளியே காற்று மைக்கில் புஸ்ஸென்று இரையும் என்று நான்தான் அறைக்குள் கூட்டிப்போனேன். ஜன்னலைத் திறந்து வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்தேன்.

"நான் பேசுறத நீ கேக்காத மாதிரி இருக்கணும். சரியா?"

தலையாட்டினேன். கேமராவைப் பிடித்துக்கொண்டு கேட்காமல் இருப்பது எப்படி? எல்லாவற்றையும் கேட்டேன்.

"ஏங்க, நல்லாருக்கீங்களா? போன்ல எல்லாரும் நிக்கிறாங்க, ஒண்ணும் பேச முடியல. அதான் இதுல பேசுறேன். எங்க ஊர்ல சிஸ்டர்ஸ் நடத்துற நர்சரி ஸ்கூல்ல ஒரு டீச்சர் வேலை இருக்கு. நான் டிரெயினிங் முடிச்சிருக்கேன்னு எனக்குன்னே வச்சிருக்காங்க. ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது போய்ச் சேரணும். எங்கம்மா வீட்ல இருந்துக்கிட்டுப் போயிட்டு வரட்டுமா? நீங்க வர்ற வரைக்கும்தான். நானாக் கேட்டா வீட்ட ரெண்டாக்க வந்திருக்கான்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது.

"அக்கா கெட்டவங்க இல்லங்க. ஆனா புள்ளைக்குப் பால் குடுக்க உக்காந்தாக்கூட 'இன்னும் என்ன'ன்னு சத்தம் போடுறாங்க. போன வாரம் யாவாரிக முன்னாடி 'படிச்ச திமிரு'ன்னுட்டாங்க. ஐஸ்ல கை வச்சு வச்சு ராத்திரி விரலு மடங்க மாட்டேங்குது. எனக்கு இங்கன பேச யாருமில்ல. உங்க அண்ணன் மக மட்டும்தான். தங்கமான புள்ள. அவதான் இத எடுக்குறா."

முடிக்கும்போது சொன்னாள்: "உங்களுக்குச் சம்மதம்னா வெள்ளிக்கிழமை போன்ல 'சிடி பாத்தேன், சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். நான் புரிஞ்சுக்கிருவேன்."

ஒன்பது நிமிடம். இரண்டு சிடி போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் எல்லோரும் பார்ப்பதற்கு ஒன்று. சித்தப்பாவுக்குப் போகும் சிடியில் மட்டும், எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் இது. அன்று சாயங்காலம் என் தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள்.

வீட்டுச் சிடியை முதலில் எழுதினேன். எல்லோரும் பார்த்து மகிழ்ந்தார்கள். அம்மா திரையில் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் இரண்டாவது சிடிக்கு உட்கார்ந்தேன். சித்தியின் ஒன்பது நிமிடத்தைக் கடைசியில் சேர்த்து சேவ் செய்ததும், வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் பச்சைக் கோடு சிவப்பாகிவிட்டது. இடம் போதவில்லை. எதையாவது வெட்ட வேண்டும்.

என்ன வெட்டியிருக்கலாம் என்று உங்களுக்கே தெரியும். கடலும் சூரியனும் ஒரு முழுப் பாட்டுக்கு ஓடின. பந்தி மட்டும் எட்டு நிமிடம். "படப்பிடிப்பு, படத்தொகுப்பு, இயக்கம்" என்று என் பெயர் மூன்று தடவை பறந்து வந்து பறந்து போனது. எதை எடுத்தாலும் சித்திக்கு இடம் கிடைத்திருக்கும்.

இடம் இல்லாததால்தான் வெட்டினேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அன்று காலையில் அம்மா எனக்குப் பிடித்த இறால் தொக்கு வைத்திருந்தாள். கொட்டகையிலிருந்து அவள் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. திரையில் சித்தி அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா இதைக் கேட்டால் அம்மாவைப் பற்றி என்ன நினைப்பார்? எனக்குச் சுருக்கென்றது. சித்தி சொன்னதெல்லாம் உண்மை என்று எனக்குத் தெரியும்; அதனால்தான் அவ்வளவு சுருக்கென்றது. அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அமுக்கினேன். கோடு மறுபடி பச்சையானது. வேறு பெயரில் சேவ் செய்து, வீட்டுச் சிடி மாதிரியே இன்னொரு சிடி எழுதினேன். தட்டு கரகரவென்று வெளியே வந்தது.

"கடைசில வச்சியா?" என்று சித்தி கேட்டாள்.

"வச்சுட்டேன் சித்தி."

அவள் வட்டை இரண்டு கையாலும் வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, உறைக்குள் போட்டாள். லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பிய அதே ஆளிடம் அது போனது. அந்த வாரமே கம்ப்யூட்டரில் இடம் அடைத்துக்கொண்டது என்று எடுத்த படங்களை எல்லாம் அழித்தேன். எங்களிடம் இருந்தது ஒரே டேப். அதன் மேலேயே கோயில் திருவிழாவை எடுத்துவிட்டேன்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை போன் வந்தது. எல்லோரும் நின்றோம். சித்தப்பாவின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்றது.

"சிடி பாத்தேன்! எங்க அந்தக் கம்ப்யூட்டர்காரி? ரூம்ல எல்லாப் பயலுகளும் பாத்தானுக."

சித்தி முன்னால் வந்தாள். "முழுசும் பாத்தீங்களா?"

"முழுசும் பாத்தேன். ரெண்டு தடவ பாத்தேன்."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்குந்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. அப்ப... சரியா?"

"சரி சரி, எல்லாம் சரிதான். நல்லாருக்கு."

சித்தி போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பின்னால் கிணற்றடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"சரின்னுட்டாரு, கேட்டியா? சரின்னுட்டாரு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கையில் நெத்திலி வாடை. அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. "இல்ல சித்தி, அவரு பாக்கல" என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், வேறு வழி தேடியிருப்பாள். நான் அவள் தோளுக்கு மேல் தெரிந்த முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் பிறந்ததும், ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று குழந்தையோடு கிளம்பினாள். சித்தப்பா என் அப்பாவிடம் பேசிக்கொள்வார் என்று நம்பிப் போனாள். டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டதை அம்மா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பத்து நாள் இருபது நாளானது. மூக்கையூர்ப் பக்கம் மீன் எடுக்கப் போன வியாபாரி ஒருவர், "உங்க வீட்டுப் புள்ள அங்கன பள்ளிக்கூடத்துல டீச்சரால்ல இருக்கு" என்று சொல்லிவிட்டார். அம்மா கொட்டகையிலிருந்து அப்படியே கை கழுவாமல் வந்தாள். வெள்ளிக்கிழமை சித்தப்பாவிடம் சொன்னார்கள். அவர் போனில் கத்தியது தெருவுக்குக் கேட்டது. "யாரக் கேட்டுப் போனா?"

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தியைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அண்ணன் வந்தார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டார். சித்தி கதவோரம் நின்றாள். போன் ஷோகேஸ் மேலிருந்து இறக்கி நடுவில் ஸ்டூலில் வைக்கப்பட்டிருந்தது.

"நான் உங்களக் கேட்டுத்தானே போனேன்" என்றாள் சித்தி போனைப் பார்த்து. அவள் குரலில் பயமே இல்லை.

"எங்கிட்ட எப்ப கேட்ட?"

"சிடியில கேட்டேன். நீங்க சரின்னு சொன்னீங்க. இந்த வீட்டுல எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாங்க."

"சிடியிலயா? அதுல ஞானஸ்நானமும் கடலும் பாட்டுந்தான் இருந்துச்சு. நீ எங்க பேசுன?"

"கடைசில."

"கடைசில ஒண்ணுமே இல்ல!"

அம்மா ஷோகேஸிலிருந்து வீட்டுச் சிடியை எடுத்துப் போட்டாள். எல்லோரும் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார்கள். என் பெயர் மூன்றாவது தடவை பறந்து போய் திரை கறுத்தது. "இதே சிடிதான் அங்கயும் போச்சு" என்றாள் அம்மா.

"இல்ல, அது வேற" என்றாள் சித்தி. "இந்தப் புள்ளதான் எடுத்துச்சு. கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இங்கன வா" என்றாள் அம்மா. "நீதானே எடுத்த? இவ எதாச்சும் பேசுனாளா?"

"பயப்படாமச் சொல்லு" என்றார் அப்பா. நல்ல மனிதர். நான் உண்மையைத்தான் சொல்லுவேன் என்று நம்பிக் கேட்டார்.

நான் கால் விரலால் தரையைத் தேய்த்தேன். "இல்ல" என்றேன்.

"சத்தமாச் சொல்லு, சித்தப்பாவுக்குக் கேக்கணும்."

"இல்ல சித்தப்பா. சித்தி ஒண்ணும் பேசல."

சித்தி என்னைப் பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்தேன். அவள் பார்த்தது வேறு மாதிரி. கூட்டத்தில் பிடித்திருந்த கை நழுவிப்போனால் குழந்தைகள் பார்க்குமே, அப்படி. அவளுடைய அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தங்கையை அவரும் அந்த நேரத்திலிருந்து நம்பவில்லை என்பது அவர் எழுந்த விதத்திலேயே தெரிந்தது. "கெளம்பு" என்று மட்டும் சொன்னார். வாசலில் செருப்பு மாட்டும்போது சித்தி ஒரு தடவை திரும்பினாள். அம்மா கதவைச் சாத்தினாள்.

அவர்கள் போனதும் நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். எப்படியாவது திரும்ப எடுத்துவிடலாம் என்று நினைத்தேனா, என்ன நினைத்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சித்தியின் பேச்சை வெட்டுவதற்கு முன்னால் சேவ் பண்ணிய புராஜெக்ட் ஃபைல் அப்படியே இருந்தது. திறந்தேன். புராஜெக்ட் என்பது படம் இல்லை, எந்தத் துண்டு எந்த இடத்தில் என்று எழுதிவைத்த குறிப்புதான் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. படங்களை அழித்துவிட்டதால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. கடைசிக் கட்டத்திலும் அதே குறி, அதன் கீழே நான் வைத்த பெயர்: 'சித்தி'. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்ற நிம்மதி. பதினாலு வயதில் ஒருத்திக்கு அப்படி ஒரு நிம்மதி வந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அதற்குப் பிறகு ஏழு வருடம். சித்தி தன் ஊரிலேயே டீச்சராக இருந்தாள். சித்தப்பா லீவில் வந்தால் எங்கள் வீட்டில் தங்குவார். ஒரு நாள் போய் மகளைக் கோயில் வாசலில் பார்த்துவிட்டு பொம்மை கொடுத்துவிட்டு வருவார். குழந்தை அவரைக் கண்டு அழுதது என்று சொல்லி மாடியில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கே வேலை முடிந்து மொத்தமாகத் திரும்பி வந்தபோதுதான் அவராகவே மூக்கையூருக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ராமநாதபுரத்தில் வீடு பிடித்துச் சேர்ந்து வாழ ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஒரு வார்த்தை குடும்பத்தில் தங்கிவிட்டது. சித்தி எப்போது "நான் சொன்னேனே" என்றாலும் சித்தப்பா சிரித்துக்கொண்டே, "எங்க, சிடியில சொன்னியாக்கும்?" என்பார். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. யாராவது பொய் சொன்னால், சாக்குச் சொன்னால், "சிடியில சொன்னானாம்" என்பார்கள். சித்தப்பா அதைக் குத்தலாகச் சொன்னதில்லை. பொய் சொன்ன பெண்டாட்டியைப் பெரிய மனதோடு மன்னித்துவிட்ட ஆளின் வேடிக்கை அது. சித்தியும் சேர்ந்து சிரிப்பாள். நல்லது கெட்டது என்று எந்த வீட்டில் கூடினாலும் அந்த வார்த்தை ஒரு தடவையாவது வரும். நான் சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அம்மா மதுரையில் என் வீட்டில் படுக்கையாக இருந்தாள். ஒரு நாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்.

"ஏட்டி, அந்தச் சிடியில அவ நெசமாவே பேசுனாளா?"

இத்தனை வருடம் அவள் மனதில் அது கிடந்திருக்கிறது. கொட்டகையில் தான் பேசிய பேச்சை எல்லாம் அவளும் மறக்கவில்லை போலிருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஒருவேளை சித்தியைக் கூப்பிட்டு விடச் சொல்லியிருப்பாள். கையைப் பிடித்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான் ஸ்பூனை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"இல்லம்மா."

"அப்ப சரி" என்றாள். பத்து நாளில் போய்விட்டாள். அவளைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் என்று வைத்திருந்தேனே, அந்தச் சாக்கும் அன்றோடு போனது.

போன மாதம் சித்தப்பா ராமநாதபுரத்தில் கட்டிய புது வீட்டுக்கு மந்திரிப்பு. சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பிரியாணிப் பந்தி முடிந்து, நெருங்கிய சொந்தங்கள் மட்டும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். சித்தி மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. நர்சிங் முடித்துவிட்டாள். தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னது யார் என்று ஏதோ சின்னப் பேச்சு. "நான் அப்பவே சொன்னேனே" என்றாள் சித்தி. மகள் சோபாவில் சாய்ந்தபடி, "எங்க சொன்னம்மா, சிடியிலயா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சித்தி சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பெற்ற மகளே சொன்னதும் நான் எழுந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு அது ஒரு நகைச்சுவை. ஏழு வயதுவரை அப்பாவைக் கோயில் வாசலில் பார்த்தது எதனால் என்று அவளுக்குத் தெரியாது.

சித்தியின் பின்னால் போனேன். அவள் தட்டுகளைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அது நான்தான்... நான்தான் வெட்டுனேன். அம்மாவப் பத்திச் சொன்னீங்கல்ல, அதான். நீங்க பேசுனத நான்—"

அவள் குழாயைத் திறந்தாள். கையை நனைத்தாள். திரும்பவில்லை.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் பேசுனது எனக்குத் தெரியாதா?"

நான் அழ ஆரம்பித்தேன்.

"இங்கன அழுகாத" என்றாள். குரல் உயரவில்லை. "அன்னிக்கு எங்கண்ணன் அந்த வீட்டுலருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் எங்கூட ஒரு வார்த்தை பேசல. சாகுற வரைக்கும் அவன் என்னய நம்பல. நீ எங்கன வச்சு இல்லன்ன? எல்லாரும் உக்காந்திருக்க, நடு வீட்டுல. சொல்றதுன்னா அங்கன போய்ச் சொல்லு. இல்லன்னா தட்டக் கழுவு."

தட்டைக் கழுவினேன். ஆமாம், முதலில் அதைத்தான் செய்தேன். பன்னிரண்டு தட்டுகள். கடைசித் தட்டைக் கவிழ்த்துவிட்டு ஈரக் கையோடு ஹாலுக்குப் போய் நின்றேன்.

எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. சித்தப்பா முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வேலை, ஜூன் மாதம், 'சரி' என்று ஒரு வார்த்தை கேட்டது, விரல் மடங்காதது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவைப் பற்றிச் சொன்னதையும் அப்பா முன்னால் சொன்னேன். அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ கேட்டிருக்கா" என்றார் சித்தப்பா. யாரிடமும் இல்லை. "எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போயிருக்கா."

எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய்ச் சத்தம் நின்றது. உள்ளே அவர் ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது. வெகுநேரம் யாரும் வெளியே வரவில்லை. அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல, நீ கெளம்பு" என்றார்.

சித்தி மகள்தான் ஸ்கூட்டியில் என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டாள். மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் இறங்கி, அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை ஹேண்டில்பாரிலேயே வைத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கவா அக்கா?"

"கேளும்மா."

"அந்த ஒம்பது நிமிசத்துல நான் இருந்தேனா?"

இருந்தாள். அன்று அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. சித்தி மடியில்தான் வைத்துக்கொண்டு பேசினாள். முதலில் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் தூங்கிவிட்டாள். சித்தி பேசிக்கொண்டே அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள். இத்தனையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். ஹெல்மெட்டை மாட்டி வாரை இழுத்துவிட்டாள்.

"அப்ப என்னயும் சேத்துத்தான் வெட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.